நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக முழுதாக நம்பியதில்லை. சொன்னவர் எங்கள் கணிதத் துறையில் பேராசிரியர்களின் புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்த சடகோபன்.

சூடேறச் சூடேற வெப்பத்தைக் கடத்தும் குணம் மாறும் ஒரு தகடு. அதன் விளிம்பில் மட்டும்தான் வெப்பம் தெரியும். உள்ளே எவ்வளவு என்பதை, வழக்கம்போல் தகட்டைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் வலை போடாமல், சிதறிய புள்ளிகளை வைத்தே கணக்கிட்டிருந்தாள் ஆராய்ச்சி மாணவி அலர்மேல்.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் நீலமேகம் சீறினார். "புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் என்ன இருக்கிறதென்று உனக்கு எப்படியம்மா தெரியும்? வலையைக் காட்டு. இல்லையென்றால் பட்டம் கிடையாது."

"உங்கள் புத்தகம் கொடுத்த தைரியம்தான் சார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சோதனையில் கிடைத்தவை ஏழே புள்ளிகள். அவற்றின் நடுவிலெல்லாம் அழகான வளைகோடு. அதற்கு எந்த வலை சார் போட்டீர்கள்?"

அறையே சிரித்தது. அவர் கையெழுத்துப் போட்டார்.

போன மாதம் சடகோபனிடம் கேட்டே விட்டேன்: "அந்த வளைகோட்டைக் கண்மதிப்பில் வரைந்து கொடுத்தவர் நீங்கள். அவளுக்குப் பக்க எண்ணைச் சொன்னது யார்?"