மீதி சைக்கிள் எங்கே?

குமரிமுனையிலிருந்து இமயமலை வரை சைக்கிளில் போகும் எட்டுப் பேர் கூட்டம் அது. ஆறாம் நாள், முதல் ஓய்வு. சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். மறுநாள் தொப்பூர் மலை ஏற வேண்டும்.

கூட்டத்தை நடத்துகிறவள் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், வயது முப்பத்து மூன்று. அவளிடம் சைக்கிள் பயணம் பழக வந்தவர்களில் மூத்தவர் இருதயராஜ். நாகர்கோவில்காரர். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

அவருடைய வலது முழங்கால் வீங்கியிருந்தது. இருந்தும் விடிந்ததும் விடியாததுமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

"எங்க கிளம்பிட்டீங்க, அண்ணாச்சி?"

"சும்மா ஒரு இருபது கிலோமீட்டர், டீச்சர்."

"இன்னைக்கு ஓய்வு."

"ஓய்வுன்னாலே பயமா இருக்கு."

"முட்டி வீங்கிக் கெடக்கே, அது பயமா இல்லையா?"

இருதயராஜ் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"இதுக்கு முன்ன ரெண்டு தடவ கிளம்பினேன். ரெண்டு தடவையும் ஓய்வு நாள்லதான் வீட்டுக்கு பஸ் ஏறினேன். மிதிக்கிற வரைக்கும் ஒண்ணுமில்ல. உக்காந்தாப் போதும், 'இந்த வயசுல உனக்கு எதுக்குடே இது'ன்னு மனசு ஆரம்பிச்சிரும். இந்தத் தடவையும் பாதியில திரும்பினா என்னையே நான் நம்ப மாட்டேன். அந்த மனச எப்படிக் கட்டிப்போட?"

அவள் ஸ்பேனரை எடுத்தாள். அவர் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு தன் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"ஓய்வு நாள்ல ஒருத்தர் சக்கரத்த இன்னொருத்தர் பாக்கணும். நம்ம கூட்டத்து வழக்கம். என்னோடது கோணியிருக்கு. சரி பண்ணிக் கொண்டாங்க."

"நான் கேட்டதுக்கு இதுவா பதில்?"

"சாயங்காலத்துக்குள்ள வேணும்."

நல்ல டீச்சர்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

சைக்கிள் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்தது. கடைக்காரர் ஒவ்வொரு கம்பியாக இறுக்கிக் கோணலை எடுத்தார். இருதயராஜ் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், எதிரே நாகர்கோவில் பஸ். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஓரம் ஓர் இடம் காலி.

முழங்கால் விண்ணென்று தெறித்தது. தொப்பூர் மலை நினைவுக்கு வந்தது. சைக்கிளை லாரியில் அனுப்பச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஏறி உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் அழுகை வந்தது.

கண்டக்டர் வந்தார்.

"எங்க?"

"நாகர்கோவில்."

"சக்கரத்துக்கு லக்கேஜ் போடணும், பெரியவரே. ஆமா, மீதி சைக்கிள் எங்க?"

அப்போதுதான் இருதயராஜ் தோளைத் தொட்டுப் பார்த்தார். சக்கரம் அங்கேயே இருந்தது.

"டீச்சர் சைக்கிளு அது. மண்டபத்துல நிக்கி."

"இது இல்லாம அத எப்படி ஓட்டுவாங்க?"

"ஓட்ட முடியாது தம்பி."

பஸ் நகரத் தொடங்கியது.

"நிப்பாட்டுங்க! எறங்கணும்!"

"ஏறும்போதே யோசிக்கக் கூடாதா?" என்று கத்தியபடி கண்டக்டர் விசில் கொடுத்தார்.

மண்டபத்து வாசலில் செண்பகவல்லி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவர் சைக்கிளின் சக்கரம் துடைத்து மாட்டப்பட்டிருந்தது. அவர் கொண்டுவந்ததை வாங்கித் தன் சைக்கிளில் மாட்டிச் சுற்றிவிட்டாள். ஆடாமல் அசையாமல் சுற்றியது.

"பஸ் ஏறிட்டேன், டீச்சர்."

"சரி."

"எறங்கிட்டேன்."

"அதான் எதிர்ல நிக்கிறீங்களே. முட்டி எப்படி இருக்கு?"

"வீக்கம் கொஞ்சம் வத்தியிருக்கு."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். அன்றைக்கு முதல்முறையாக நிம்மதியாக உட்கார்ந்தார். முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"நீங்க பழகினவங்க. வீட்டுக்குப் போயிரலாம்னு உங்களுக்கு ஒரு நாளும் தோணாதா, டீச்சர்?"

செண்பகவல்லி சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

"தோணாமலா அண்ணாச்சி, என் சக்கரத்த உங்ககிட்டக் குடுத்து விட்டேன்?"