பயத்தை ஒத்துக்கொண்ட கொற்றி

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே! அரசர்கள் யானைமேல் போன காலத்தில் கடலோரத்தில் உப்பங்காடு என்று ஓர் ஊர் இருந்தது. கோட்டை வாசலில் நல்ல தண்ணீர் ஊற்று ஒன்று உண்டு. உப்பளத்து ஆட்கள் மட்டும் அதில் இறங்கக் கூடாது என்பது குறுநில மன்னன் வில்லவராயனின் கட்டளை. கரிக்கும் தண்ணீரைக் குடித்து அவர்கள் குழந்தைகள் சுருண்டு விழுந்தன.

“இனிப் பொறுப்பதில்லை” என்று எழுந்தாள் கொற்றி. அவளும் உப்பு வாருகிறவள்தான். குரல் எடுத்தால் அளத்தின் அக்கரைவரை கேட்கும். ஆட்கள் அவள் பின்னால் திரண்டார்கள்.

முதல்முறை போனார்கள். காவலர்களைக் கண்டதும் கொற்றியைப் பயம் பிடித்துக்கொண்டது. அதை மறைக்க உரக்கக் கத்தினாள். கூட்டம் கொதித்தது. யாரோ எறிந்த கல்லில் ஒரு காவலனின் மண்டை உடைந்தது. பதிலுக்குக் குடங்களெல்லாம் நொறுங்கின.

இரண்டாம்முறை போனார்கள். இன்னும் உரக்கக் கத்தினாள். அன்று ஏழு பேருக்கு எலும்பு முறிந்தது.

“தைரியமில்லாத கூட்டம்!” என்று கூட வந்தவர்களையே ஏசினாள் கொற்றி. ஒவ்வொருவராக ஒதுங்கிப் போனார்கள்.

ஒரு பிற்பகலில் பிடாரி கோயிலில் போய் விழுந்தாள். “தாயே, வீரம் கொடு” என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். வந்ததோ வேறு.

“தாயே, எனக்குப் பயமாயிருக்கிறது.”

சொன்னதும் கண்ணீர் கொட்டியது. வானம் இடிந்து விழவில்லை. அம்மன் முகம் சுளிக்கவில்லை. அழுது ஓய்ந்து வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பயம் போகவில்லை. ஆனால் அதோடு உட்கார முடிந்தது.

மறுநாள் ஊரைக் கூட்டினாள். “முதல் நாளிலிருந்தே எனக்குப் பயம். அதை மறைக்கத்தான் கத்தினேன். அடி வாங்கியது நீங்கள்.”

இரண்டாம்முறை கால் முறிந்த சாத்தன் கிடந்தபடியே சொன்னான்: “அட, உனக்குமா! எனக்கு மட்டும்தான் என்றல்லவா இத்தனை நாள் வெட்கப்பட்டுக் கிடந்தேன்!”

ஊரே சிரித்தது. கொற்றியும் சிரித்தாள்.

மூன்றாம்முறை போனார்கள். யாரும் கத்தவில்லை. காவலர்கள் ஈட்டியை நீட்டினார்கள். கொற்றிக்கு இன்றும் பயம்தான். அவள் அதை மறைக்கவில்லை.

“ஐயா, பயந்துகொண்டுதான் நிற்கிறோம். கல்லெடுக்க மாட்டோம். தண்ணீர் இல்லாமல் திரும்பவும் மாட்டோம்.”

வில்லவராயனே வெளியே வந்தான். “நீதானே தலைவி? நீ மட்டும் மொண்டுகொண்டு போ.”

“எல்லோருக்கும் என்றால் எனக்கும், ஐயனே.”

“அப்படியானால் வெயிலில் காயுங்கள்!”

உட்கார்ந்தார்கள். மணல் சுட்டது. துள்ளி எழுந்த இரண்டொருவர் கொற்றியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

“அடித்து விரட்டுங்கள்” என்றான் வில்லவராயன்.

அன்று மண்டை உடைந்த காவலன் முன்னால் வந்தான். “ஐயனே, அன்றைக்கு இவர்களைப் பார்த்துப் பயந்தோம், அடித்தோம். இன்றைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. சும்மா இருக்கிறவர்களை எப்படி அடிப்பது?” ஈட்டியைக் கீழே வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள்.

வில்லவராயன் சுற்றிலும் பார்த்தான். “மொண்டுகொள்ளட்டும்” என்று முணுமுணுத்து உள்ளே போய்விட்டான்.

செய்தி கேட்டு ஓடி வந்த பிள்ளைகள் தொப்பென்று ஊற்றில் குதித்தன. கொற்றி படியில் காலை நீட்டி உட்கார்ந்து, இரு கையாலும் அள்ளிக் குடித்து, அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

தன் பயத்தோடு அமைதியாக இருக்கத் தெரிந்தவரை நம்பித்தான் பயந்த மக்கள் பத்திரமாக முன்னே நடக்க முடியும்.