ராஜாவின் காலடியில் மேய்ந்த கௌதாரிகள்

வெகு காலத்துக்கு முந்தி, மலையும் மேட்டுப்புல்லுமாகக் கிடந்த கருங்குன்ற நாட்டை நரவீரன் என்று ஒரு ராஜா ஆண்டார். அவருக்குக் கௌதாரி வேட்டை என்றால் உயிர். குறி தப்பாமல் அடித்தால் அரண்மனையே விருந்து சாப்பிடும். தப்பிவிட்டாலோ, அன்றைக்கு எதிர்ப்பட்டவன் பாடு திண்டாட்டம்தான்.

வேட்டை அதிகாரி கரிவரதன் ராஜாவைக் குளிர்விக்க ஒரு காரியம் செய்தான். கௌதாரியைத் தின்கிற பருந்து, நரி, காட்டுப்பூனை எல்லாவற்றையும் மலையில் ஒன்றுவிடாமல் கொன்று தீர்த்தான். முதல் வருஷம் கௌதாரி பெருகியது. கூடவே எலியும் பெருகி, மலைக்குடிகளின் தினையைக் கதிரோடு தின்றது. மறுவருஷம் கௌதாரிகளுக்குக் கழிச்சல் நோய் கண்டு, மலையே வெறிச்சோடிவிட்டது.

கரிவரதன் லேசுப்பட்டவனா? "மலைக்குடிகள் திருடித் தின்றுவிட்டார்கள் மகாராஜா! நான் காவல் போட்ட கிழக்குச் சரிவில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது" என்றான். அந்தச் சரிவில் ராஜா ஒரே நாளில் நாற்பது அடித்தார். அடித்த கையோடு, "பத்து நாளில் மலைக்குடிகள் அத்தனை பேரும் கீழே இறங்கவேண்டும்" என்று உத்தரவும் போட்டார்.

மலைக்குடித் தலைவி மாதி காதுக்கும் இந்த உத்தரவு எட்டியது. இருபது குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு எங்கே போவாள்? அந்தக் கவலையோடு அவள் தினை குத்திக்கொண்டிருந்தபோது, ஒரு கௌதாரி கிழக்குச் சரிவிலிருந்து நேரே நடந்துவந்து உரலடியில் பொறுக்கித் தின்றது. ஆள் அரவம் கேட்டாலே பறந்தோடுகிற பறவை! "அடேயப்பா, இது எவனோ தீனி போட்டு வளர்த்ததல்லவா!" என்று மாதிக்கு விளங்கிவிட்டது. நேரே அரசவைக்கு நடந்தாள்.

"நாங்க இறங்கிப் போயிடறோம் சாமி. அதுக்கு முந்தி உங்க வேட்டையை ஒரு தடவை கண்ணாலே பார்த்துடணும்."

"இவளுக்கு வேட்டையைப் பற்றி என்ன தெரியும் மகாராஜா?" என்று கரிவரதன் குறுக்கே விழுந்தான்.

"தெரிந்துகொள்ளட்டுமே!" என்றார் ராஜா. அவருக்கு உள்ளூர ஒரே குஷி.

மறுநாள் காலை கிழக்குச் சரிவில் ராஜா வில்லை வளைத்தார். மாதி மடியிலிருந்து ஒரு பிடி தினையை அள்ளி அவர் காலடியில் இறைத்து, "பா, பா, பா" என்று கோழியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். புதருக்குள்ளிருந்து முப்பது கௌதாரிகள் குடுகுடுவென்று ஓடிவந்தன. ஒன்று ராஜாவின் செருப்பிலிருந்த முத்தைக் கொத்திப் பார்த்தது. கூட வந்தவர்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் தவித்தார்கள்.

ராஜாவின் முகம் சிவந்தது. "என்னை அவமானப்படுத்தவா வந்தாய்?"

மாதிக்கும் பயம்தான். ஆனாலும் விடவில்லை. "நான் தினைதானே போட்டேன் சாமி? இத்தனை பெரிய வீரருக்கு முன்னாலே கொல்லையிலே வளர்த்ததைக் கொண்டாந்து விட்டவரையல்லவா கேக்கணும்?"

கரிவரதன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எல்லாம் தன் வீட்டில் வளர்த்தவைதான் என்று ஒப்புக்கொண்டான்.

"அப்படியானால் மலைக் கௌதாரிகள் எங்கே?"

"சீக்கு வந்ததைத்தான் பருந்து முதல்லே தூக்கும் சாமி. பருந்தைக் கொன்னாங்க. சீக்கு வந்தது கூட்டத்தோடயே மேஞ்சு, அத்தனையும் செத்துப்போச்சு" என்றாள் மாதி.

ராஜா குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "நாற்பது வளர்ப்புப் பறவையை அடித்துவிட்டு மீசையை முறுக்கினேனே! மாதி, இனி மலை உன் காவல். என் வில்லும் அங்கே வராது. கரிவரதா, பருந்து திரும்பி வரும்வரை பருந்தின் வேலையை நீ பார்!"

பெரிய அதிகாரி தடியும் கையுமாகத் தினைப்புனத்தில் எலி விரட்டினான். மூன்று வருஷம்! மாதிதான் பாவம் பார்த்துக் கூழ் ஊற்றினாள்.

நாலாம் வருஷம் ஒரு காலையில் மலைக்கு மேலே ஒரு பருந்து வட்டம் போட்டது. முதலில் கண்டவன் கரிவரதன்தான். தடியை வீசிவிட்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, "வந்தாயா என் தெய்வமே!" என்று புனத்திலேயே விழுந்து கும்பிட்டான்.