கடைசிக் கல் யாருடையது?

நாவல்குளம் என்று ஒரு குளம். அதைச் சுற்றி ஒரு காடு. சித்திரை வெயிலில் மற்ற ஓடையெல்லாம் வறண்டுபோனாலும் இந்தக் குளத்தில் மட்டும் தண்ணீர் கிடக்கும். அதனால் விலங்குகள் யாரும் அந்தக் கரையை விட்டு அகலுவதில்லை.

அந்தக் காட்டுக்குப் புதிதாக ஒரு முள்ளம்பன்றி வந்து சேர்ந்தாள். பெயர் வேலாத்தா. அவள் இருந்த மலை தீப்பிடித்து எரிந்துபோனதால் பிழைக்க இடம் தேடி வந்தவள். நல்லவள்தான். ஒரே ஒரு வியாதி, கேள்வி கேட்காமல் அவளால் இருக்க முடியாது. முள்ளம்பன்றிகள் பகலில் தூங்கும். இவளுக்கு மனதில் ஒரு கேள்வி வந்துவிட்டால் பகலிலும் தூக்கம் கிடையாது. பக்கத்தில் இருப்பவர்களையும் தூங்க விடமாட்டாள்.

நாவல்குளத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. தாய்மார்கள் இரை தேடப் போகும்போது குஞ்சு குட்டிகளைக் கரையிலுள்ள நாவல் மர நிழலில் விட்டுவிட்டுப் போவார்கள். நாளுக்கு ஒருவர் காவல் இருப்பார். காவல்காரருக்கு அன்றைய சாப்பாட்டை இன்னொருவர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் முறை உண்டு.

"நரிக்குமா காவல் முறை?" என்று வேலாத்தா வந்த அன்றே கேட்டாள்.

"முறைன்னா எல்லாருக்கும்தான். இதுவரைக்கும் ஒரு குறையும் வந்ததில்ல" என்றார் கடமான் கொம்பையா. அவர்தான் அந்தக் காட்டுக்குத் தலைவர்.

குறை வந்தது. ஒருநாள் நரி ஓரியின் காவல். மாலையில் மயில் செவந்தி திரும்பி வந்தபோது அவளுடைய ஒரே குஞ்சைக் காணவில்லை. கரடி மோப்பம் பிடித்துப் போய்ச் சருகைக் கிளறினார். அடியில் பிஞ்சு இறகுகள் கிடந்தன. எல்லோரும் ஓரியைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றான் ஓரி.

செவந்தி அலறிய அலறலில் காட்டுக்கே ஈரக்குலை நடுங்கியது. வேலாத்தாவின் முட்கள் தானாகவே சிலிர்த்துக்கொண்டன. அந்தக் கணத்தில் அவளுக்கே அவனைக் குத்திக் கிழித்துவிடலாம் போலிருந்தது.

"நாளைக்குக் கல் வைப்போம்" என்றார் கொம்பையா.

"வைப்போம், வைப்போம்" என்றார்கள் எல்லோரும்.

கல் வைப்பது என்றால் என்ன? குளக்கரையில் ஒரு பெரிய பாறை. அதில் ஒரு பொந்து. குற்றம் செய்தவனை அதற்குள் தள்ளி, ஆளுக்கொரு கல் வைத்து வாயை அடைத்துவிடுவார்கள். யாரும் கடிக்க வேண்டாம், யாரும் முட்ட வேண்டாம், ஒரு சொட்டு ரத்தம் சிந்தாது. உள்ளே இருப்பவன் மூச்சு முட்டித் தானாகச் செத்துப்போவான். ரொம்ப நாகரிகமான ஏற்பாடு என்று அந்தக் காட்டில் எல்லோருக்கும் பெருமை.

மறுநாள் விடிந்ததுதான் தாமதம், கல்லும் கையுமாக விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளினார்கள். முயல் ஆமையின் முதுகில் ஏறித் தாண்டிப் போனது. கோபத்தில்தான் இப்படி ஓடுகிறார்கள் என்று வேலாத்தா நினைத்தாள். குட்டைக்காலை வைத்துக்கொண்டு அவளும் ஒரு கல்லை உருட்டி உருட்டிக் கொண்டுபோய்ச் சேர்ந்தபோது எல்லோரும் வைத்து முடித்திருந்தார்கள்.

"அப்பாடா, வந்துட்டியா?" என்றது குரங்கு. "கடைசியா வர்றவங்களுக்குத்தான் கடைசிக் கல். இந்தத் தடவை உனக்கு."

"அதுக்கென்ன, எல்லாக் கல்லும் கல்லுதானே?"

எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். வேலாத்தா நிமிர்ந்து பொந்தைப் பார்த்தாள். அவள் தலை அளவுக்கு ஓர் இடைவெளிதான் மிச்சமிருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு கண்கள் தெரிந்தன. எதற்காக அத்தனை பேரும் விழுந்தடித்து ஓடிவந்தார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவள் கல்லைக் கீழே வைத்தாள்.

"பொழுது சாயறதுக்குள்ள வச்சிரணும்மா. வைக்க மாட்டேன்னு சொல்றவங்களுக்கு இந்தக் குளத்துல தண்ணி கிடையாது. அது இங்க கட்டுப்பாடு" என்றார் கொம்பையா. மிரட்டும் குரலில் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னார்.

வேலாத்தா குளத்தைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வெயிலில் இந்தத் தண்ணீரை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. பேசாமல் கல்லை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வியாதி விடுமா?

"ஐயா, இதுல உங்க கல்லு எது?"

"அடியில இருக்கே, அது. முதல் கல்லு."

"அது அவனைக் கொல்லுமா?"

"அது எப்படிக் கொல்லும்? அதை அவன் ஒரே தாவுல தாண்டியிருப்பானே."

"குரங்கு அண்ணே, உங்களோடது?"

"நான் வச்சது கூழாங்கல்லு. அதுல எறும்புகூடச் சாகாது."

கரடியைப் பார்த்தாள். "நான் வச்சது பெரிசுதான். ஆனா நான் வச்சப்ப மேல நிறைய இடம் இருந்துச்சு" என்றார் கரடி.

"அப்படின்னா அவனைக் கொல்றது யாரு?"

"இந்தக் காடு" என்றார் கொம்பையா.

"காட்டுக்குக் கை எங்கே இருக்கு ஐயா?"

"இன்னைக்கு உங்கிட்ட இருக்கு. வச்சிட்டுப் போ தாயி, புண்ணியமாப் போகும்."

எல்லோரும் கலைந்து நிழலுக்குப் போனார்கள். ஆனாலும் கண்ணுக்கு மறையாத தூரத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். வேலாத்தா கல்லுக்கும் பொந்துக்கும் நடுவே நடந்தாள். பிறகு கொம்பையாவிடமே திரும்பிப் போனாள்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. எதுக்காக வைக்கணும்? அதை மட்டும் எனக்குப் புரியவைங்க."

கொம்பையா கோபித்துக்கொள்ளவில்லை. "இங்க பாரும்மா. நாளைக்கு என் பொண்ணு தன் குட்டியை அந்த மரத்தடியில விட்டுட்டுப் போகணும். எந்தத் தைரியத்துல போவா? தப்புப் பண்ணினா பொந்துதான்னு ஒரு பயம் இருந்தாத்தான் போவா. இவனை விட்டுட்டா, நாளைக்கு இன்னொருத்தன் பசிச்சா என்ன பண்ணுவான்? உனக்கு இவன் ஒருத்தன் உயிரு. எனக்கு அத்தனை குட்டிங்க உயிரு."

நியாயமாகத்தான் பட்டது. வேலாத்தா கல்லிடம் திரும்பினாள். கல்லை உருட்டவும் செய்தாள். பொந்துக்கு அருகே வந்ததும் அந்த நியாயத்திலிருந்தே ஒரு கேள்வி முளைத்தது. அவள் இடைவெளியில் முகத்தை வைத்தாள்.

"ஓரி, இந்தப் பொந்தைப் பத்தி உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியுமே. போன தடவை நானும் கல்லு வச்சேன்க்கா."

"அப்ப உனக்குப் பயமா இல்லையா?"

"செய்யறப்ப பொந்து ஞாபகத்துக்கே வரலக்கா. செஞ்சு முடிச்சப்புறம் வந்துச்சு. அதனாலதான் இறகைச் சருகுல மறைச்சேன்."

"எதுக்குடா செஞ்சே?"

"பசி. அன்னைக்கு யாரும் சாப்பாடு கொண்டுவரல. ஆனா அதைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். அந்தக் குஞ்சு என்னை மாமான்னு கூப்பிட்டுச்சு."

வேலாத்தாவுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. அவள் நிழலில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு இவனுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டியது யாரு முறை?"

குரங்கு அவசரமாகத் தன் தொடையில் பேன் தேடத் தொடங்கியது. "மறந்துட்டேன்" என்றது கடைசியில். "அதுக்காக? பசிச்சவங்க எல்லாரும் பிள்ளையைத் தின்னுடறாங்களா?"

"இல்ல அண்ணே. நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்றாள் வேலாத்தா.

கரடி எழுந்து மெதுவாக அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சும்மா உட்கார வந்தவர் போலத் தெரியவில்லை. தரையைக் கீறிக்கொண்டே இருந்தார்.

"போன தடவை உள்ள இருந்தது யாரு?" என்று கேட்டாள் வேலாத்தா.

"புனுகுப்பூனை. கவுதாரி முட்டையைக் குடிச்சிட்டான்னு வச்சோம். நான் இல்ல, நான் இல்லன்னு கடைசி வரைக்கும் கத்திக்கிட்டே இருந்தான். அடுத்த மழைக்கு அதே புதர்ல மறுபடியும் முட்டை காணாமப்போச்சு. குடிச்சது உடும்பு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கல்லையெல்லாம் எடுத்தோம். எலும்புதான் இருந்துச்சு. திரும்பி வந்துட்டோம். அதைப் பத்தி இங்க யாரும் பேசறதில்ல."

"இவன் விஷயம் அப்படி இல்லையே. இவன் ஒத்துக்கிட்டானே" என்றாள் வேலாத்தா. கரடியிடம் சொன்னாளோ, தன்னிடமே சொல்லிக்கொண்டாளோ.

"ஆமா. இவன் செஞ்சவன்தான்" என்றார் கரடி. ஆனாலும் அவர் தரையைக் கீறுவதை நிறுத்தவில்லை.

வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. குளத்தின் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது. வேலாத்தாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. குடிக்கப் போகலாமா, கூடாதா என்றுகூடத் தெரியவில்லை. கொம்பையா எழுந்து நின்றார்.

"பொழுது சாயுது."

"நான் வைக்க மாட்டேன் ஐயா" என்றாள் வேலாத்தா. "அவன் செஞ்சது மகா பாதகம். ஆனா உங்க யாரோட கல்லும் கொல்லலேன்னா, கொல்றது என்னோடது மட்டும்தான்னு ஆகுது. அது என்னால முடியாது. இதோ கல்லு கிடக்கு. முடியறவங்க வந்து வைங்க. நான் தடுக்கல."

கொம்பையா குரங்கைப் பார்த்தார். குரங்கு முயலைப் பார்த்தது. முயல் ஆமையைப் பார்த்தது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. காலையில் அவ்வளவு ஓட்டம் ஓடிய கூட்டத்தில் ஒரு கால்கூட நகரவில்லை.

அப்போது நாவல் மரத்திலிருந்து செவந்தி இறங்கி வந்தாள். அவள் முந்தின மாலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"நீங்க எல்லாம் பேசிக்கிட்டு இருங்க. போனது என் பிள்ளை. நான் வைக்கிறேன்" என்றாள்.

வேலாத்தா முட்களை ஒடுக்கிக்கொண்டு விலகி வழிவிட்டாள். இந்தக் காட்டில் அந்தக் கல்லைத் தொட உரிமை உள்ளவள் ஒருத்தி உண்டென்றால் அது இவள்தான் என்று அவளுக்குத் தோன்றியது. செவந்தி மார்பால் கல்லைத் தள்ளினாள். அவள் மூச்சு இரைத்தது. கல் மேலேறி இடைவெளியின் விளிம்பில் போய் நின்றது. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

வேலாத்தாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு. அவன்கிட்ட நீ கேக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கா? இதுக்கப்புறம் கேக்க முடியாது."

செவந்தி தள்ளுவதை நிறுத்தினாள். கல்லுக்குப் பக்கவாட்டில் குனிந்தாள்.

"கடைசியா என்ன சொல்லுச்சு?"

உள்ளேயிருந்து ஓரியின் குரல் வந்தது. அது உடைந்துபோயிருந்தது. "'மாமா, அம்மா எப்ப வருவாங்க'ன்னு கேட்டுச்சு. 'இதோ வந்துருவாங்க'ன்னு சொன்னேன்."

செவந்தி அங்கேயே மடிந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதபோது கரடியும் அழுதார். கொம்பையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவள் கண்ணைத் துடைக்காமலே கேட்டாள்.

"அதுக்கு முன்னாடி? காலையில இருந்து உங்கூடத்தானே இருந்துச்சு. என்ன பேசுச்சு, என்ன விளையாடுச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு."

ஓரி சொல்லத் தொடங்கினான். விடிந்ததும் குஞ்சு தும்பியைத் துரத்தியதைச் சொன்னான். சேற்றில் விழுந்து எழுந்து, அம்மாவிடம் சொல்லாதே என்று கெஞ்சியதைச் சொன்னான். தண்ணீரில் தன் நிழலைப் பார்த்து இன்னொரு குஞ்சு என்று நினைத்துக் கொத்தப் போனதைச் சொன்னான். அந்தக் கடைசி நாளை அவனைத் தவிர வேறு யாரும் பார்த்திருக்கவில்லை.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. கொம்பையா தொண்டையைச் செருமினார்.

"செவந்தி, அந்தக் கல்லு…"

"இருங்க ஐயா" என்றாள் செவந்தி. "இன்னும் மத்தியானமே வரல."

ஓரியை அவள் மன்னிக்கவில்லை. வெளியே விடச் சொல்லவும் இல்லை. கல் விளிம்பிலேயே நின்றது, அவன் பொந்துக்குள்ளேயே கிடந்தான். அவனுக்குக் கிழங்கு கொண்டுபோய்ப் போடும் வேலையை வேலாத்தா ஏற்றுக்கொண்டாள். அவளுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. செவந்தி நினைத்தபோதெல்லாம் வந்து அந்த இடைவெளியருகே உட்காருவாள். ஏதாவது கேட்பாள். சில நாள் திட்டிவிட்டுப் போவாள்.

உயிரை எடுத்துவிட்டால் தவற்றைத் திருத்தும் வழியும் நாம் கேட்க வேண்டிய பதிலும் அதோடு சேர்ந்தே போய்விடும். ஆகவே, தன் கையால் வைக்கத் துணியாத கடைசிக் கல்லை ஊரின் பேரைச் சொல்லி இன்னொருவர் கையில் யாரும் கொடுக்கக் கூடாது.