மாவுக் கோடு

ஜவ்வாது மலைச் சரிவில் ஒரு சிறிய ஆசிரமம் இருந்தது. ஓட்டுக் கூரை, இரண்டு மாடு, கொஞ்சம் கேழ்வரகு, வருகிறவர்கள் உட்கார ஒரு கூடம், அவ்வளவுதான். அங்கிருந்த குருவை எல்லோரும் அம்மை என்று கூப்பிட்டார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஞானி என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்குச் சத்தமாகச் சிரிப்பார்.

அவருடைய சீடர் ஏகாம்பரம் அவரைவிட இருபது வயது பெரியவர். மயிலாடுதுறைக்காரர். பொதுப்பணித் துறையில் வாய்க்கால் வாய்க்காலாக அளந்து ஓய்வு பெற்றவர். சாஸ்திரத்தில் ஓர் அங்குலம் பிசகினாலும் அவருக்குத் தூக்கம் வராது. சில நாள் குருவுக்கே திருநீறு பூசும் முறையைத் திருத்திச் சொல்வார். அம்மையும் மறுபேச்சில்லாமல் திருத்திக்கொள்வார்.

ஒரு பௌர்ணமியன்று காலையில் ஏகாம்பரம் தன் ஒரே மகளோடு மலையேறி வந்தார். மகள் பெயர் உமையாள். இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் பல் மருத்துவர். அம்மாவின் திவசத்துக்காக வந்தவள், மறுநாள் ஊர் திரும்ப வேண்டும்.

வந்ததும் வராததுமாக ஏகாம்பரம் மனதில் இருந்ததை இறக்கி வைத்தார்.

"இவ நம்ம சாமியை விட்டுட்டா அம்மா. அங்க விக்கான்னு ஒண்ணாம். வட்டமா நின்னு நிலாவைக் கும்பிடுறாங்களாம். சூனியக்காரிங்கற பேரை அவங்களே ஆசையா வச்சுக்கிறாங்களாம். ஏன் போனா? நம்மகிட்ட என்ன குறைச்சல்? அதை நீங்க சொல்லணும். இல்லேன்னா இவளைத் திருத்தி அனுப்பணும்."

"ரெண்டும் முடியலேன்னா?"

"இவ போனவ போனவளாவே இருக்கட்டும். என் வீட்டு வாசப்படி இனிமே இவளுக்கு இல்லே. நேத்தே சொல்லிட்டேன்."

அம்மை உமையாள் முகத்தையும் பார்த்தார், ஏகாம்பரம் முகத்தையும் பார்த்தார். பிறகு எழுந்துபோய் மூன்று முறம் எடுத்து வந்தார். கேள்வி கேட்டவரை ஒரு வேலையில் உட்கார வைக்காமல் அவர் பேச்சைத் தொடங்கியதே இல்லை.

"கேழ்வரகு புடைக்கணும். வாங்க."

ஏகாம்பரம் முறத்தை ஆட்டியதில் உமி முறத்தில் தங்கியது, தானியம் தரைக்குப் போனது. உமையாளுக்குக் கை சுளுவாக வந்தது. அவள் அம்மா கற்றுக்கொடுத்த பழக்கம்.

கத்தரிக்காய் விலை கேட்பதுபோல் அம்மை கேட்டார். "அது ரொம்பப் பழைய மார்க்கமா?"

"இல்லே. பழசுலேருந்து பொறுக்கியெடுத்துப் புதுசா கட்டினது. எழுபது எண்பது வருஷம்தான் ஆகுது."

"என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தது" என்றார் ஏகாம்பரம். "அதுக்கு ஒரு மதம்னு பேரு."

"சாமி உண்டா?"

"உண்டு. ஒரு அம்மா, ஒரு அப்பா. அம்மாவை நிலாவில பார்ப்போம். அப்பாவுக்குக் கொம்பு இருக்கும்."

"கொம்பு" என்று ஏகாம்பரம் குருவைப் பார்த்தார். பார்த்தீர்களா என்பது அதன் பொருள்.

"பிரதோஷத்துக்கு நீங்க யார் கொம்புக்கு நடுவுல எட்டிப் பார்க்கிறீங்க, ஐயா?"

ஏகாம்பரம் முறத்தைச் சற்று வேகமாக ஆட்டினார். இன்னும் கொஞ்சம் தானியம் கீழே போனது.

"சூனியம் வைப்பீங்களா?" என்று அம்மை உமையாளைக் கேட்டார்.

"யாருக்கும் கெடுதல் பண்ணக் கூடாதுங்கறதுதான் எங்க முதல் பாடம். நாம செய்யுறது நமக்கே திரும்பி வரும்னு சொல்வாங்க."

"அப்ப சூனியக்காரின்னு ஏன் பேரு?"

"அந்தப் பேரைச் சொல்லித்தானே அந்தக் காலத்துல பொம்பளைங்களைத் தூக்குல போட்டாங்க, எரிச்சாங்க. அந்தப் பேரை அவமானமாவே விட்டுட மனசு வரலே போல."

"யார் யார் வருவாங்க?"

உமையாள் யோசித்துச் சொன்னாள். "பக்கத்து வீட்டு மெரடித் வருவாங்க. பஸ் ஓட்டுறவங்க. அவங்களுக்குச் சின்ன வயசுல காட்டின கடவுள் எந்நேரமும் கோபமாவே இருந்தாராம். ஒரு நர்ஸ் வருவா. அவளுக்குக் கடவுள் பொம்பளையா இருந்தாதான் பேச முடியுதாம். ஒரு பெரியவர் வருவார். ஆப்பிள் தோட்டக்காரர். எதுக்கு வர்றீங்கன்னு கேட்டா, மரத்துக்கு நன்றி சொல்ல வேற இடம் தெரியலேம்பார்."

"நீ எதுக்குப் போறே?"

உமையாளின் முறம் நின்றது.

"அவங்க ஊர்ல அறுப்பு முடிஞ்சு குளிர் ஆரம்பிக்கிற நாள்ல செத்தவங்களுக்கு ஒரு தட்டு வச்சு, பேசாம உட்கார்ந்து சாப்பிடுவாங்க. எங்கம்மா செத்த வருஷம் மெரடித் என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. யாருக்கு வைக்கணும்னு கேட்டாங்க. எங்கம்மாவுக்குன்னேன். அப்ப விளக்கை நீயே ஏத்துன்னாங்க." அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நான் சுத்திப் பார்த்தேன், ஆம்பளை யாராவது எழுந்து வர்றாங்களான்னு."

"ஏன் அப்படிப் பார்த்தே?"

"அம்மா செத்தப்ப விமானத்துலேருந்து இறங்கி நேரா வந்தேன். நான் கொள்ளி வைக்கிறேன்னு கேட்டேன். பெரியப்பா பையன் வச்சான். தூக்கிட்டுக் கிளம்பும்போது நானும் பின்னாடி போனேன். வாசல்ல அப்பா கையை நீட்டி, இதோட நில்லுன்னாங்க. நின்னுட்டேன். பறைச் சத்தம் தெருமுனை திரும்புற வரைக்கும் கேட்டுட்டு நின்னேன். சில நாள் இன்னமும் அங்கேயே நிக்கிற மாதிரி இருக்கும்."

"பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றதில்லே" என்றார் ஏகாம்பரம். குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது. "அது வழக்கம். நானா எழுதினேன்?"

அம்மை தரையில் சிந்திய கேழ்வரகைக் கையால் கூட்டி முறத்தில் போட்டார்.

"இன்னிக்குப் பௌர்ணமி. நீ அங்க செய்யுறதை இங்க செய்து காட்டேன். நானும் வந்து நிக்கிறேன்."

ஏகாம்பரம் திடுக்கிட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாகிவிட்டது அவருக்கு. மகளைத் திருத்தக் கூட்டி வந்த இடத்தில் குருவே போய்விடுவார் போலிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஆசிரமத்துக்குப் பின்னாலிருந்த பெரிய பாறைக்கு மூவரும் போனார்கள். கிழக்கே மலைத்தொடர். அதன் மேல் வானம் வெளிறிக் கிடந்தது.

"முதல்ல இடத்தைப் பெருக்கணும்" என்றாள் உமையாள். "துடைப்பம் எங்களுக்குப் பூஜை சாமான்."

"துடைப்பமா? பூஜையிலா?" ஏகாம்பரம் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

அம்மை அதற்குள் தென்னந்துடைப்பத்தை எடுத்து வந்திருந்தார். இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பாறையைப் பெருக்கினார்கள். அம்மை தண்ணீர் தெளித்தார். தினம் விடியற்காலையில் தன் வீட்டு வாசலில் உமையாளின் அம்மா விசாலாட்சி செய்தது இதைத்தான். ஏகாம்பரத்துக்கு அது நினைவுக்கு வந்ததா தெரியவில்லை. பக்கத்துக் கல்லில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப வட்டம் போடணும். எங்களுக்குக் கோடு வேண்டாம், காத்துல கையால வரைவோம்."

"எனக்குக் கண்ணுக்குத் தெரியணும்" என்று அம்மை கோலமாவை எடுத்தார். வலமாகச் சுற்றி வந்து, இடைவெளி இல்லாமல் ஒரு பெரிய வட்டம் இழுத்தார். அதன் மேலேயே உமையாள் கையை நீட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்தாள்.

கிழக்கே ஊதுபத்தி, தெற்கே விளக்கு, மேற்கே ஒரு சொம்பு தண்ணீர், வடக்கே ஒரு பிடி மண். ஒவ்வொரு திசைக்கும் போய் நின்று, வாங்க என்று கூப்பிட்டாள். பந்திக்கு அழைப்பதுபோல் சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள்.

அம்மைக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. "ஐயோ, அடுப்புல பால்."

கோட்டைத் தாண்டப் போனவரை உமையாள் தடுத்தாள். "இருங்க. வட்டத்தை உடைக்கக் கூடாது. வாசல் திறந்து விடுறேன்."

கோட்டருகே வந்து, கீழிருந்து மேலே, மேலிருந்து பக்கவாட்டில், மறுபடி கீழே என்று காற்றில் கையால் ஒரு கதவின் உருவத்தை வெட்டினாள். காலால் கொஞ்சம் மாவை ஒதுக்கினாள். அம்மை அதன் வழியாகக் குனிந்து வெளியே போனார். பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து, கோட்டுக்கு வெளியே நின்றார். உமையாள் மறுபடி திறந்தாள். அம்மை உள்ளே வந்ததும் மாவால் அந்த இடத்தை மூடினாள்.

ஏகாம்பரத்தால் அடக்க முடியவில்லை. "அங்க என்ன இருக்கு, குனிஞ்சு போறதுக்கு? வெறும் மாவு. தாண்டிப் போனா முடிஞ்சுது."

அம்மை சிரித்தார்.

உமையாள் வட்டத்தின் நடுவில் மூன்று இலை போட்டாள். கேழ்வரகு அடையைப் பிட்டு வைத்தாள். மூன்றாவது இலையில் மட்டும் ஆசிரமத்துச் சமையலறையில் கேட்டு வாங்கிய மோர்மிளகாயை வைத்தாள். வறுத்த வாசனை காற்றில் வந்தது. முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவர் தலை லேசாகத் திரும்பியது. விசாலாட்சிக்கு மோர்மிளகாய் இல்லாமல் ஒரு கவளம் இறங்காது. போன வாரம் திவசத்தில் எள்ளும் தர்ப்பையும் முறைப்படி எல்லாம் இருந்தன. மோர்மிளகாய் யாருக்கும் நினைவு வரவில்லை.

அப்போது நிலா எழுந்தது.

முதலில் மலை முகட்டில் ஒரு தீப்பொறி மாதிரி. பிறகு அது அகன்றது. இத்தனை பெரிய நிலாவை மயிலாடுதுறையில் பார்க்க முடியாது, வீடுகள் விடாது. செம்பு நிறத்தில், மலையளவு பெரிதாக, யாரோ கீழிருந்து இரண்டு கையாலும் தூக்கிக் கொடுப்பதுபோல் அது மேலே வந்தது. பாறை நிறம் மாறியது. மாடுகள் அசைபோடுவதை நிறுத்தின. காட்டில் கத்திக்கொண்டிருந்த பூச்சிகள்கூட ஒரு கணம் அடங்கிப் பிறகு தொடங்கியதாகத் தோன்றியது. வாழ்நாளெல்லாம் பௌர்ணமிக்கு விரதம் இருந்த ஏகாம்பரம் நிலாவை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறவர்போல் வாய் திறந்து பார்த்தார். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயமாக இருந்தது. அழ வேண்டும் போலவும் இருந்தது.

வட்டத்துக்குள் உமையாள் இரண்டு கையையும் மேலே உயர்த்தி நின்றாள். அம்மையும் உயர்த்தினார். நிலா அவர்கள் கைக்குள் வந்து உட்கார்ந்தது. அந்த வெளிச்சத்தில் யார் குரு, யார் பல் மருத்துவர் என்று சொல்ல முடியவில்லை. நிற்பவர்கள் இருவருமே யாரையோ வெகுநாள் கழித்துப் பார்த்துவிட்டவர்கள் போலிருந்தார்கள்.

உமையாள் மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. நிலாவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அம்மா. விசாலாட்சி. வாம்மா, சாப்பிட வா. ஆறிப்போகுது."

அது விசாலாட்சியின் குரல். தினமும் கூடத்தைப் பார்த்து அவள் கூப்பிட்ட அதே இழுப்பு, கடைசியில் அதே அதட்டல். ஏகாம்பரம் எழுந்துவிட்டார். எழுந்தது அவருக்கே தெரியாது. மேல்துண்டு கல்லிலேயே கிடக்க, பாறை மேல் நடந்து வந்தார். இலையை நோக்கி நேராக வந்தவர் வட்டத்தின் விளிம்பில் நின்றுவிட்டார்.

நிலா வெளிச்சத்தில் மாவுக் கோடு பளிச்சென்று தெரிந்தது. உமையாள் அவருக்கு முதுகைக் காட்டி நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மைதான் அவரைக் கண்டார். "வாங்க ஐயா."

ஏகாம்பரம் ஒரு காலைத் தூக்கினார். மறுபடி இருந்த இடத்திலேயே வைத்தார். இந்தப் பக்கம் நாலடி நடந்தார், அந்தப் பக்கம் நாலடி நடந்தார். வாய்க்கால் வாய்க்காலாகத் தாண்டி அளந்த மனிதர் ஒரு பிடி மாவுக்கு வழி தெரியாமல் நின்றார்.

"வெறும் மாவுதானே, ஐயா. தாண்டி வாங்க."

"எப்படித் தாண்டுறது?" அவர் குரல் உடைந்திருந்தது. "உள்ள என் வீட்டுக்காரிக்கு இலை போட்டிருக்கு. எனக்கும் அங்க உட்காரணும். ஆனா கோடு இருக்கே, அம்மா."

குரலைக் கேட்டு உமையாள் திரும்பினாள். அப்பா கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் உடம்போடு, கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவளும் அசையவில்லை. பிறகு அவரை நோக்கி நடந்து வந்தாள்.

அம்மை மெதுவாகச் சொன்னார்.

"சாவு வீட்டு வாசல்ல கோலம் போடமாட்டாங்களே, ஐயா. அன்னிக்கு நீங்க இவளை நிறுத்தின இடத்துல கோடுகூட இருந்திருக்காது."

ஏகாம்பரத்துக்கு முன்னால், காற்றில், உமையாள் கீழிருந்து மேலாகக் கையை உயர்த்தத் தொடங்கினாள்.