மிக்கேலம்மா கல்லறையில ஒரு சத்தம்

ஒரு ஊர்ல ஒரு சந்தியாகு இருந்தார். அவரு தன் பொண்டாட்டி மிக்கேலம்மாவக் கடைசியா உசுரோட பார்த்தது பூசணிக்கொடிக்கு நடுவுல. காய் அழுகக் கூடாதுன்னு அடியில வைக்கோல் வச்சுக்கிட்டு இருந்துச்சு அந்தம்மா. "டீத்தூள் வாங்கிட்டு வாங்க. போன தடவ மாதிரி சீரகத்தோட வந்து நிக்காதீங்க"ன்னுச்சு. இவரு டீத்தூளோட திரும்பி வந்தப்போ அந்த வைக்கோல் மேலயே சாஞ்சு கெடந்துச்சு. அவ்வளவுதான். ம் சொல்லு. ம்.

அப்புறம், அவரு பூசணித் தோட்டத்து மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணாங்க. முந்நூறு வருஷத்து எடம் அது. கப்பல்ல வந்து இங்கயே செத்துப்போன வெள்ளக்காரங்க படுத்திருக்காங்க. அவங்களத் தேடி யாரு வரப்போறா? சுத்திலும் பஸ் ஸ்டாண்டு, லாட்ஜு, இரும்புக்கடை. உள்ள மட்டும் தும்பையும் எருக்கும் இடுப்பளவு. அந்தப் பூவுக்கு கொசுத்தேனீ வரும். கொசு மாதிரிதான் இருக்கும், கொட்டாது. காலையில ங்ங்ங்னு மதில் தாண்டி வந்து பூசணிப்பூவுல எறங்கும். அதுங்க வந்தாத்தான் காய் புடிக்கும். காய் புடிச்சாத்தான் சந்தியாகு வீட்ல உலை கொதிக்கும். ஆனா அதுங்க எங்க குடியிருக்குன்னு அவரு யோசிச்சதே இல்ல.

அந்தம்மா போயி சில வருஷம் கழிச்சு ஒரு கல்லறைத் திருநாள் வந்துச்சு. செத்தவங்களுக்கு மெழுகுவத்தி ஏத்துற நாள். முந்தின நாளே மிக்கேலம்மாவோட தம்பி இன்னாசி ஒரு மூட்டை சிமெண்டோட வந்து எறங்கினாரு. "அக்கா கல்லறை விரிசல் விட்டுக் கெடக்கு, பாக்கச் சகிக்கல அத்தான்"ன்னு, பொழுது சாயுற நேரத்துல கொத்தனார வச்சு சளக் சளக்குனு பூசிட்டாரு. மிச்சத்த வீணாக்காம பக்கத்துல ரெண்டு வெள்ளக்காரக் கல்லறையையும் பூசினாங்க. சந்தியாகுதான் தண்ணி தூக்கிக் குடுத்தாரு. சந்தோஷமாத்தான் குடுத்தாரு.

மறுநாள் காலையில பூசணிப்பூ மஞ்ச மஞ்சேன்னு விரிஞ்சிருக்கு. ஒரு சத்தம் இல்ல. வெயில் ஏறிடுச்சு. ஒண்ணும் வரல. அப்பத்தான் அவருக்கு திக்குன்னுச்சு. அந்த விரிசலுக்குள்ளதான் அதுங்க வீடோ? நேத்துப் பொழுது சாயுறப்போ எல்லாம் வீட்டுக்குத் திரும்பியிருக்குமே?

உளியும் சுத்தியலும் எடுத்துக்கிட்டு ஓடினாரு. மொத கல்லறை ஒரு கப்பல் கேப்டனோடது. காத வச்சாரு. ஒண்ணுமில்ல. ரெண்டாவது ஒரு சின்னப் பிள்ளையோடது. காத வச்சாரு. எறும்புதான் ஊருது. மூணாவது மிக்கேலம்மாவோடது. காத வச்சாரு.

ங்ங்ங்...

டங்.

பூவும் மெழுகுவத்தியுமா வந்த சனமெல்லாம் திரும்பிப் பாக்குது. இன்னாசி ஓடி வந்தாரு. "என்ன அத்தான், திருநாளும் அதுவுமா பொண்டாட்டி கல்லறைய ஒடைக்கிறீங்க?"

"உள்ள உசுரு இருக்கு மாப்ள."

"மிக்கேலம்மாவுக்கா?"ன்னு பின்னாடி ஒரு கெழவி கேட்டுச்சு.

"இல்லத்தா. தேனீக்கு."

"ஒரு பூச்சிக்காக எங்கக்காவ ஊர் சிரிக்க வைப்பீங்களா? நீங்க அவளக் கட்டல, பூசணிக்காயத்தான் கட்டிக்கிட்டீங்க."

சந்தியாகு உளியத் திரும்ப வச்சாரு. ஓங்கி அடிக்கவும் மனசு வரல, அடிக்காம இருக்கவும் முடியல. டங். டங். ஒரு சில்லு பேந்து விழுந்துச்சு.

மொதல்ல செத்ததுதான் உதுந்துச்சு. பொலபொலன்னு ஒரு கைப்பிடி. அப்புறம் ஒண்ணு, றெக்கையெல்லாம் தூசியோட, மெள்ள நடந்து வந்துச்சு. அப்புறம் ரெண்டு. அப்புறம் புஸ்ஸுனு கரும்புகை மாதிரி கெளம்பி தும்பைக்குள்ள போயிடுச்சு. ம்? ஆமா, அத்தனையும்.

இன்னாசி குனிஞ்சு செத்ததையெல்லாம் உள்ளங்கையில அள்ளிப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம், "உளியக் குடுங்க அத்தான். நீங்க கோணலா அடிக்கிறீங்க"ன்னு வாங்கி, ஓட்டையக் கொஞ்சம் பெருசு பண்ணாரு. பொகை உள்ள போகாம மெழுகுவத்திய ரெண்டு பேரும் தள்ளி கால்மாட்டுல ஏத்துனாங்க.

கதை இவ்வளவுதான், நீ கண்ண மூடிக்கோ. அந்தக் கல்லறையில தலைமாட்டுப் பக்கம் இன்னிக்கும் கையகலத்துக்கு சிமெண்டு கெடையாது.