வரால்முழுங்கியும் பொந்துக்குள் இருந்த இருவாச்சியும்

மலையடிவாரத்து ஆற்றில் ஒரு மடு இருந்தது. அந்த மடுவில் நீர்நாய்கள் முப்பத்தேழு. வாய்கள் மட்டும் முந்நூறு இருக்கும். ஒரு கெண்டை துள்ளினால் அதைப் பற்றி மூன்று நாள் பேசும் கூட்டம் அது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆழத்தில் இறங்கி மீன் பிடிப்பது பெண்கள் வேலை. கரையில் குட்டிகளைப் பார்த்துக்கொள்வது ஆண்கள் வேலை. அப்படிக் குட்டி பார்த்தவர்களில் ஒருவன் வரால்முழுங்கி. ஆளுயர வரால் ஒன்றை மெல்லாமல் விழுங்கியதால் அந்தப் பெயர் வந்ததாம். விழுங்கியதைப் பார்த்தவர் எவரும் இல்லை. சொன்னவன் அவன்தான்.

அவனுக்கு ஒரே குட்டி. நெற்றியில் வெள்ளை மயிர் கொஞ்சம் இருந்ததால் பொட்டு என்று பெயர். பிறந்து மூன்று மாதம்.

மற்றக் குட்டிகள் சீழ்க்கைச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கும். அப்பன் வாயில் மீனைக் கண்டால் அவன் முகத்தைப் பார்த்துக் கத்தும். பொட்டு கத்தாது, முகத்தையும் பார்க்காது. மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கூழாங்கல்லை வயிற்றின் மேல் உருட்டும். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு, அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு. காலையில் தொடங்கினால் வெயில் உச்சிக்கு ஏறும்வரை அதுவேதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாறையைக் கூப்பிட்டது போலத்தான்.

கோடை வந்தது. மடு வற்றத் தொடங்கியது. நடுப்பாறையின் அடி வெளியே தெரிந்துவிட்டால் மீனும் இருக்காது, ஒளிய ஆழமும் இருக்காது. கூட்டம் கீழ் மடுவுக்குப் போயாக வேண்டும். இடையில் முதலைத் துறை. அதைக் கடக்கும்போது மூப்பன் சீழ்க்கை அடித்தால் எல்லோரும் அந்த நொடியே ஓடி வரவேண்டும்.

மூப்பன் வரால்முழுங்கியைக் கூப்பிட்டுச் சொன்னான்:

"சீழ்க்கைக்குத் திரும்பாத குட்டிக்காக அத்தனை பேரும் முதலை முன்னாடி நிக்க முடியாது. பாறையடி தெரியறதுக்குள்ளே அவனைத் திரும்ப வை. இல்லேன்னா நீயும் உன் பெண்டாட்டியும் குட்டியும் இங்கேயே இருந்துக்கங்க."

வற்றிய மடுவில் இருந்துகொள்வது என்றால் என்னவென்று வரால்முழுங்கிக்குத் தெரியும். போன வருடம் பின்தங்கிய ஒரு கிழட்டு நீர்நாயின் எலும்புகளைத்தான் இந்த வருடத்துக் குட்டிகள் கடித்து விளையாடிக்கொண்டிருந்தன.

சேதி பரவியது. உடனே முந்நூறு வாய்களும் திறந்தன. தன் சித்தப்பாவும் இப்படித்தான், பல் முளைத்த பிறகு தானாகச் சரியாகிவிட்டார் என்றான் ஒருவன். தாய்க்காரி வயிற்றில் சுமந்தபோது நண்டு தின்றதால் வந்த வினை என்றான் இன்னொருவன். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்றான், தன் குட்டி எங்கே என்றே தெரியாமல் தேடிக்கொண்டிருந்த ஒரு தகப்பன். இவர்களில் ஒருவர்கூடப் பொட்டுவின் பக்கத்தில் ஒரு நாழிகை உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் தெரிந்துவிடுமே, தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று!

அந்தக் கரையில் ஒரு நாரையார் இருந்தார். ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிக்கொள்வார். அப்படி நின்றே பெரிய வைத்தியர் என்று பெயர் வாங்கிவிட்டார். அவர் வந்தார். பொட்டுவின் காதருகே சிறகைப் படபடவென்று அடித்தார். பொட்டு அசையவில்லை. மூன்று முறை தலையை ஆட்டிவிட்டு, "நோய் அந்தக் கல்லுக்குள்ளே இருக்கு. பிடுங்கி எறி," என்றார். வைத்தியத்துக்காகக் கரையில் வைத்திருந்த நாலு கெண்டைகளையும் தின்றுவிட்டுப் போனார்.

வரால்முழுங்கி கல்லைப் பிடுங்கி ஆற்றின் நடுவில் வீசினான். பொட்டு அலறியது. அன்று முழுக்க அலறியது. மறுநாளும் அலறியது. தின்னவில்லை, மணலில் தலையை மோதிக்கொண்டது. நாரையாரைத் தேடிப் போய்ச் சொன்னால், "ஆகா, நோய் வெளியே வருது," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மீன் பிடித்துவிட்டு வந்தாள் பொட்டுவின் தாய். அவள் பெயர் கெளுத்தி. தண்ணீருக்குள் போய், அடிமணலைத் துழாவி, அதே கல்லைத் தேடிக்கொண்டு வந்து குட்டியின் வயிற்றில் வைத்தாள். பிறகு புருஷனைப் பார்த்து, "அடுத்தது எவன் சொல்லி எதை வீசப் போறீங்க? என்னையா?" என்று கேட்டாள்.

இதையெல்லாம் மேலே அத்திமரத்திலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆண் இருவாச்சி. அந்தப் பறவைகளின் குடித்தனம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முட்டையிடும் காலத்தில் பெண் மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்றுதான் திறப்பு. குஞ்சு வளரும்வரை ஆண்தான் பழம் கொண்டுபோய் அந்தக் கீற்று வழியாக ஊட்டும்.

இந்த இருவாச்சி பழத்தோடு ஊர்க்கதையையும் சேர்த்து ஊட்டும் பழக்கம் உள்ளவர். மறுநாள் திரும்பி வந்து வரால்முழுங்கியிடம், மலையுச்சியில் பொந்துக்குள் இருக்கும் தன் மனைவி உதவுவதாகச் சொன்னாள் என்றார். அவர்களுடைய நாலாவது குஞ்சும் பொட்டுவைப் போலத்தானாம். அதை வளர்த்தபோது படித்த பாடத்தில், காட்டில் ஏழெட்டுத் தாய் தகப்பன்களுக்கு வழி சொல்லியிருக்கிறாளாம்.

வரால்முழுங்கிக்குச் சிரிப்பு வந்தது. அவளை இங்கே வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் குட்டியை நான் தூக்கி வருகிறேன், அவளே தொட்டுச் சரிபண்ணட்டும் என்றான். அதற்கு மறுநாள் பழம் ஊட்டும் நேரத்துக்குப் பிறகு பதில் வந்தது. இருவாச்சி அதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார்:

"நான் வெளியே வர முடியாது. நீ கூட்டிட்டு வரவும் வேண்டாம். இங்கே வந்தால் அவன் வேற குட்டியா இருப்பான். அவன் மணல்லே அவன் எப்படி இருக்கான்னுதான் எனக்குத் தெரியணும். பொழுது பூரா அவனோட இருக்கிறவன் நீ. நான் சொல்லித்தரப் போறது குட்டிக்கு இல்லை, உனக்கு."

முப்பத்தேழு பேரின் கரையில் இந்தச் சேதி ரகசியமாக இருக்குமா? பொந்துக்குள்ளே அடைந்து கிடப்பவள் ஆற்றங்கரைக்கு வழி சொல்கிறாளாம் என்று ஊரே உருண்டு புரண்டு சிரித்தது. நாரையார் மட்டும் சிரிக்கவில்லை. நாலு கெண்டை போகிறதே!

முதல் பாடம் வந்தது. ஒரு நாள் முழுக்கக் குட்டியை எதுவும் செய்யச் சொல்லாதே, பார்த்துக்கொண்டு மட்டும் இரு. மறுநாள் அதன் எதிரே மல்லாந்து படு. நீயும் ஒரு கல்லை எடு. அது உருட்டினால் நீயும் உருட்டு. நிறுத்தினால் நிறுத்து. அவ்வளவுதான்.

வரால்முழுங்கி சுற்றுமுற்றும் பார்த்தான். நாலு பக்கமும் கண்கள். வராலை முழுசாக விழுங்கியவன், பச்சைக் குட்டியைப் போல மல்லாந்து படுத்துக் கல் உருட்டுவதா? பேசாமல் ஒரு பாறையில் ஏறிப் படுத்து மீசையை நக்கிக்கொண்டிருந்தான். பழம் கொண்டுபோக இருவாச்சி வந்ததும் கல் உருட்டியதாகச் சொன்னான். குட்டி இரண்டு முறை முகத்தைப் பார்த்ததாகவும் சொன்னான். மறுநாள் அது ஐந்து முறையாயிற்று. அதற்கு மறுநாள், பொட்டு சிரித்தது என்றே சொல்லிவிட்டான். வராலை வளர்த்த வாய்க்கு இதெல்லாம் பெரிய காரியமா?

பொந்துக்குள் இருப்பவளுக்கு வந்து சேர்வது இவன் சொல்தானே. அவள் அதை நம்பி அடுத்த பாடத்தைச் சொல்லியனுப்பினாள். அவ்வளவு பார்க்கிறான் என்றால், பின்னால் போய் நின்று மெதுவாக ஒரு சீழ்க்கை கொடுத்துப் பார்.

இது அவனுக்குப் பிடித்த பாடம். ஊர் பார்க்க, கரை அதிர அடித்தான் சீழ்க்கையை. பொட்டு வில்லாக வளைந்து எழுந்து அவன் மூக்கைக் கடித்துவிட்டுப் புதருக்குள் ஓடியது. நாலு நாள் அவனுக்கு முதுகைத்தான் காட்டியது. நடுப்பாறையின் இடுப்புவரை தெரிந்துவிட்டது.

மூக்கு வீங்கிய வரால்முழுங்கி, உங்கள் மனைவியின் பாடம் பலிக்கவில்லை என்று இருவாச்சியிடம் எரிந்து விழுந்தான். மறுநாள் பதில் வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது:

"முதல் தடவை அவன் உன்னைப் பார்த்தானே, அப்போ கல்லு எந்தக் கையிலே இருந்தது?"

வரால்முழுங்கி இடது கை என்றான். பிறகு வலது கை என்றான். இருவாச்சி கிளையில் உட்கார்ந்தபடி மீதியையும் ஒப்பித்தார்.

"இதுக்கு உன்கிட்டே பதில் இல்லேன்னா, நீ அவனைப் பார்க்கவே இல்லைன்னு அர்த்தம். தம்பி, என்கிட்டே நல்ல பேர் வாங்கி என்ன பண்ணப் போறே? நான் இருக்கிறது பொந்துக்குள்ளே. எனக்குக் கண்ணு நீதான். நீ பொய் சொன்னா நான் குருடி. குருடி சொன்ன வழியிலேதான் உன் குட்டியை நடத்தினே."

மறுநாள் விடிந்ததும் பொட்டுவின் எதிரே போனான். ஒரு கல்லை எடுத்தான். முப்பத்தைந்து பேர் பார்க்க, மல்லாந்து படுத்தான்.

சும்மா சொல்லக்கூடாது, கரையே வயிறு வலிக்கச் சிரித்தது. "வரால்முழுங்கிக்கும் அதே நோய் ஒட்டிக்கிச்சு!" என்றது ஒரு குரல். குட்டிகளைத் தூரமாக இழுத்துக்கொண்டு போனார்கள் சிலர். காதை மூடிக்கொண்டு கல்லை உருட்டினான். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு. இரண்டு தரம் கல் நழுவி மூக்கில் விழுந்தது. கற்றுக்கொண்டு செய்கிற காரியம் அது என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று மாதக் குட்டி நழுவவிடாமல் செய்துகொண்டிருந்தது!

இப்போது நடந்ததை நடந்தபடி சொல்லியனுப்பினான். முதல் நாள்: பார்க்கவில்லை. இரண்டாம் நாள்: பார்க்கவில்லை, ஆனால் முதுகைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. மூன்றாம் நாள்: என் கல்லைப் பார்த்தான், அப்போது அவன் கல் வலது கையில் இருந்தது.

மேலேயிருந்து அடுத்த பாடம் வந்தது. உன் கல்லை இன்னொரு கல்லில் இரண்டு தட்டு தட்டு. பிறகு பேசாமல் இரு. பன்னிரண்டு மூச்சு விடும்வரை வாயையும் கையையும் அசைக்காதே. அது அவன் முறை. அவன் முறையை நீ திருடாதே.

வரால்முழுங்கி வாழ்க்கையில் ஒரு மூச்சு நேரம் வாயை மூடியிருந்ததில்லை. பன்னிரண்டு மூச்சு! தட்டுவான், பொறுப்பான், ஏழாவது மூச்சில் "டேய் பொட்டு" என்று வாய் தவறிவிடும். மறுபடி முதலிலிருந்து. ஒன்பதாம் நாள் மத்தியானம் தட்டிவிட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பதினோராவது மூச்சில் பொட்டு தன் கல்லைப் பாறையில் வைத்து இரண்டு தட்டு தட்டியது. தட்டிவிட்டு, அடுத்தது நீ என்பதைப் போல, அப்பன் முகத்தைப் பார்த்தது.

அவன் ஊரைக் கூப்பிடவில்லை. பதிலுக்கு இரண்டு தட்டு தட்டினான். மீனோடு கரையேறிய கெளுத்தி அதைப் பார்த்துவிட்டு மீனைத் தவறவிட்டாள். அதை நாரையார் எடுத்துக்கொண்டார்.

நடுப்பாறையின் அடி தெரிந்தது. கூட்டம் புறப்பட்டது. பொட்டு இன்னும் சீழ்க்கைக்குத் திரும்பவில்லை. கல்லுக்குத் திரும்புவான், அது போதும் என்று மூப்பனிடம் கெஞ்சினான் வரால்முழுங்கி. கல் தட்டுவதெல்லாம் நம் வழக்கத்தில் இல்லை, துறையின் நடுவரை வா, பார்க்கலாம் என்றான் மூப்பன்.

துறையில் இடுப்பளவு தண்ணீர். நடுவில் ஒரு மணல்திட்டு. எல்லோரும் திட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தபோது, திட்டின் ஓரத்தில் ஈர மணலில் மின்னிய ஒரு கல்லைப் பார்த்துப் பொட்டு நின்றுவிட்டது. நாரையாரும் அங்கேதான் நின்றார். கடக்கிறவர்களுக்கு எந்தக் காலை முதலில் வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் மிதந்த மரக்கட்டை கண்ணைத் திறந்தது.

மூப்பன் சீழ்க்கை அடித்தான். கூட்டமே சீழ்க்கை அடித்தது. "பொட்டு! பொட்டு!" என்று தொண்டை கிழியக் கத்தியது. பொட்டு கல்லை உருட்டிக்கொண்டிருந்தது. கூச்சல் ஏற ஏற, காதுகளை மடக்கிக்கொண்டு இன்னும் தண்ணீர் ஓரமாக நகர்ந்தது.

"வாயை மூடுங்க எல்லாரும்," என்றான் திட்டின் மறுமுனையில் நின்ற வரால்முழுங்கி. அவன் அப்படிச் சொல்வதைக் கேட்ட ஆச்சரியத்திலேயே எல்லோரும் மூடிக்கொண்டார்கள்.

குனிந்து இரண்டு கல்லை எடுத்தான். டக், டக். பிறகு பொறுத்தான்.

ஒரு மூச்சு. முதலை நகர்ந்தது. மூன்று மூச்சு. கெளுத்தி அவன் தோளைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து மூச்சு. ஓடு, தூக்கு என்று அவன் உடம்பு முழுக்கச் சொன்னது. ஓடினால் குட்டி மிரண்டு தண்ணீரில் குதிக்கும். ஆறாவது மூச்சில் பொட்டு தலையைத் தூக்கியது. அப்பன் முகத்தைத் தேடியது. தட்டுவதற்கு அங்கே பாறை இல்லை. கல்லை வாயில் கவ்விக்கொண்டு, தன் முறையைச் செய்ய அப்பனிடமே குடுகுடுவென்று ஓடி வந்தது.

முதலை பாய்ந்து வாயை மூடியது. வாய்க்குள் அகப்பட்டது நாரையாரின் வால் முழுவதும். "வெறும் இறகு," என்று துப்பிவிட்டு அது மறுபடி மரக்கட்டையாயிற்று.

கீழ் மடுவில் அன்று மாலையே முந்நூறு வாய்களும் வேலையைத் தொடங்கிவிட்டன. பொட்டு திரும்புவான் என்று தனக்கு அப்போதே தெரியும் என்றது சித்தப்பா கதை சொன்ன வாய். குட்டியைத் திருப்பியது தன் வைத்தியம்தான் என்று வால் இல்லாமல் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார் நாரையார். அவர் முன்னால் எட்டுக் கெண்டைகள் இருந்தன. மூப்பன் தொண்டையைச் செருமி, இனிக் காவலுக்கு நிற்பவர்கள் சீழ்க்கையோடு இரண்டு கல்லும் வைத்திருக்க வேண்டும் என்று அறிவித்தான். அது தன் யோசனை என்றும் சேர்த்துக்கொண்டான்.

வரால்முழுங்கி இதில் எதற்கும் பதில் சொல்லவில்லை. இருவாச்சி வந்து கேட்டபோது, "ஆறாவது மூச்சிலே திரும்பினான். கல்லு வாயிலே இருந்தது," என்று மட்டும் சொல்லியனுப்பிவிட்டு, மணலில் மல்லாந்து படுத்தான். பொட்டு எதிரே வந்து படுத்துக்கொண்டது.

குழந்தை தங்கள் பக்கம் திரும்பவில்லை என்று ஊரைக் கூட்டிக் கூச்சல் போடுகிறவர்கள், முதலில் வாயை மூடிக்கொண்டு தாங்கள் அதன் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும்.